தோலுரித்த மீனும் தெரிந்த மீனும்

மலைநாட்டுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் சுகாதாரப் பரிசோதகத் தம்பி தங்கைகளே, உங்கள் பயிற்சியில் கடல் மீன் பாடம் நடந்தபோது பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனின் குடும்பம், வரிசை எல்லாம் எதற்கு, டெங்கு முட்டையும் மலசலகூடக் குழியும் போதாதா என்று கேட்கிறீர்களாம். கேளுங்கள், தப்பில்லை. பதிலையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடலோரத்தில் பிறந்தவன் மீனை முழுதாகப் பார்க்கிறான். தலை, செவுள், தோல், வால் எல்லாம் பார்த்து வளர்கிறான். நம் ஆட்கள் அப்படியா? மீன் நம்மிடம் வந்து சேரும்போது துண்டாகிவிடுகிறது, அல்லது கருவாடாகிவிடுகிறது, அல்லது டின்னுக்குள் போய்விடுகிறது. நான் பிறந்ததும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், லயத்தில்தான். வேலைக்குச் சேரும்வரை முழுசாக ஒரு கடல் மீனை நான் பார்த்தது பாடப் புத்தகப் படத்தில் மட்டுமே. ஆகவே மீனை அடையாளம் காணும் வேலை கடலோரத்தானைவிட நமக்குத்தான் கஷ்டம். பாடத்தை அவனைவிட நாம்தான் நன்றாகப் படிக்க வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தில் நீர்கொழும்புப் பக்கம் எங்களைக் கூட்டிப்போனார்கள். அங்கே கடற்றொழில் பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்து பாடம் எடுத்தார். மேசையில் வெள்ளை வெளேரென்று தோலுரித்த மீன்கள். தலை இல்லை, நீந்துகிற செட்டையும் இல்லை. "கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தடவுங்கள், எது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. இரண்டு விதமான மீன்கள் அங்கே இருந்தன. ஒன்று கிளாத்தி. மற்றது பேத்தை.

கிளாத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதன்மேல் ஓர் ஆசை. தட்டையான உடம்பு, சின்ன வாய், கண்ணுக்கு மேலே நட்டுவைத்த ஒற்றை முள். அந்த முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு பவளப்பாறை இடுக்கில் செருகிக்கொண்டால் எந்த எதிரியாலும் இழுக்க முடியாது. தோலில் செதில் என்று தனியாகத் தெரியாது. தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஆங்கிலத்தில் அதற்கு அரத்தின் பெயரை வைத்ததும் அதனால்தான். அந்தத் தோலைச் சட்டையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம்.

அதன் சொந்தபந்தம்தான் விசேஷம். நெருங்கிய உறவு, முதுகில் மூன்று முள் உள்ள தடித்த செதில்காரன். கரையோரத்தில் பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், இரண்டும் கிளாத்தி. கொஞ்சம் தள்ளின உறவு பெட்டி மாதிரி உடம்புள்ள மீன், முள்ளம்பன்றி மீன், பேத்தை. எல்லாம் ஒரே வரிசை. அந்த வரிசைக்கே பேத்தையின் பல்லை வைத்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒட்டிப்போன நாலு பல் அதற்கு. ஊரில் கெட்ட பெயர் எடுத்தவன் பெயரையே பரம்பரைக்கு வைத்த கதை. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு உதட்டை மரக்கச் செய்து, கை காலை முடக்கி, கடைசியில் மூச்சையே நிறுத்திவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு வடியும்வரை இயந்திரம் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோலை உரித்துத் தலையை வெட்டிவிட்டால் கிளாத்தியும் பேத்தையும் ஒரே வெள்ளைச் சதை. நான் சொல்லவந்த சங்கதி அங்கேதான் தொடங்குகிறது.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். சம்பளத்துக்கு மறுநாள். மத்தியானம் கழிந்த நேரத்தில் பிரதேச வைத்தியசாலையிலிருந்து போன். சின்ன வயது டொக்டர், அந்தப் பெண் சிங்களத்தில் வேகமாகப் பேசினார். பாக்கியம் என்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மீன் கறி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு மரத்து, தலை சுற்றி, நெஞ்சு படபடக்கிறது. கூட வந்த சனம் எல்லாம் பேத்தை, பேத்தை என்கிறது. பேத்தை என்றால் மூச்சு இயந்திரம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே அனுப்ப வேண்டும். இருப்பது ஒரே அம்புலன்ஸ். இந்த மூடுபனியில் போனால் திரும்ப ராத்திரியாகும். "பேத்தையா இல்லையா? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது லயத்துக்கு முன்னால் மீன் வேன் நின்றது. வேன்காரர் சந்திரன் உள்ளே உட்கார்ந்திருந்தார். இறங்கினால் அடி விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாவி தலைவர் ராமையாவின் சட்டைப் பையில் இருந்தது. அவர்தான் தோட்டக் கமிட்டித் தலைவர், நல்ல மனிதர், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

"ஐயா, வாங்க. கோயில் மைக்க ரெடி பண்ணிட்டேன்" என்றார். "காலையில இவன்கிட்ட லயம் பூரா மீன் வாங்கியிருக்காங்க. பொம்பளைங்க எல்லாம் இன்னும் மலையில நிக்கிறாங்க. அந்திக் கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வந்தாங்கன்னா அடுப்புல ஏத்திருவாங்க. தோலுரிச்ச மீனக் கொட்டிருங்க, பலயாவ மட்டும் ஆக்குங்கன்னு சொல்லிறவா?"

வடக்கில் சூரை என்கிற மீனுக்கு மலையில் சிங்களப் பெயரே நிலைத்துவிட்டது, பலயா. சிவந்த சதை, மலிவு, எல்லோருக்கும் பழக்கம். அன்று சந்திரன் புதிதாகத் தோலுரித்த வெள்ளை மீனும் கொண்டுவந்திருந்தார். புது மீனை ஒரேயடியாக வாங்க நம் ஆட்கள் தயங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "கலந்து போடுங்க" என்பார்கள். அப்படித்தான் அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் பாதி புதுசு, பாதி பலயா என்று ஒரே பையில் போயிருந்தது.

தலைவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கொட்டச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லையே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மைக்கில் ஒரு முறை சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு வேறு மாதிரிச் சொன்னால் நம்மை யாரும் நம்பமாட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க தலைவரே" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

பாக்கியத்தின் மகள் கௌசல்யா வாசலில் நின்றாள். ஹட்டனில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், அன்று வீட்டில் இருந்து அவள்தான் மத்தியானமே கறி வைத்திருந்தாள். அவள் கையில் போன். அதில் எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் பேத்தையைத் தோலுரிக்கும் வீடியோ.

"பாருங்க சார். இதே மாதிரித்தான் இருந்துச்சு. வெள்ளையா, வழவழன்னு. நாந்தான் அப்பாகிட்டச் சொல்லி அம்மாவக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்."

"நல்ல வேலை செஞ்சம்மா. அந்தக் கறி எங்க?"

"கொட்டிட்டேன் சார். நாங்க யாரும் வாயில வைக்கல. பின்னால குப்பக் குழியில."

முதலில் வேனைப் பார்த்தேன். பெட்டியில் விற்காத வெள்ளை மீன்கள் சில தலையில்லாமல், ஆனால் துண்டுபோடாமல் கிடந்தன. எடுத்து முதுகைத் தடவினேன். செட்டையை நறுக்கியிருந்தாலும் செட்டையைத் தாங்கின குட்டி எலும்புகளின் வரிசை சதைக்குள்ளே அப்படியே இருந்தது, கழுத்துப் பக்கத்திலிருந்து வால்வரைக்கும். சீப்பைத் தடவின மாதிரி. அடிப்பக்கமும் அதே மாதிரி நீள வரிசை. பேத்தைக்கு மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் வாலுக்குக் கிட்ட ஒரு கொத்தாக மட்டும் இருக்கும், மற்ற இடமெல்லாம் மொழுக்கென்று இருக்கும். என் கையில் இருந்தது கிளாத்தி. சந்தேகமே இல்லை.

சந்திரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளாத்திதாங்க ஐயா. லெல்லமவுலயே உரிச்சுத்தான் குடுப்பாங்க. சத்தியமா வேற ஒண்ணும் இல்லங்க" என்றார். லெல்லம என்றால் மீன் ஏலச் சந்தை.

நம்பலாம்போல இருந்தது. ஆனால், பிள்ளைகளே, பெட்டியில் இருப்பது கிளாத்தி என்றால் பாக்கியத்தின் சட்டியில் வெந்ததும் கிளாத்திதான் என்று யார் சொன்னது? உரித்த மீன் குவியலில் ஒரு பேத்தை கலந்திருந்தால் அது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போயிருக்கும். நான் குப்பைக் குழிக்குப் போனேன். காக்கைகளை விரட்டிவிட்டு ஒரு குச்சியை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தேன்.

"ஐயா, குப்பையக் கிண்டுற நேரமா இது?" தலைவரின் குரல் உயர்ந்துவிட்டது. "அங்க ஒரு உசுரு இழுத்துக்கிட்டு இருக்கு. மலையில வேல முடிஞ்ச சங்கு ஊதிருவாங்க!"

பின்னால் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. போனும் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது, டொக்டர்தான். எடுத்தால் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். எடுக்காமல் கிண்டினேன். வெள்ளைத் துண்டு ஒவ்வொன்றையும் எடுத்துத் தண்ணீரில் அலசி, முள்ளை விரல் நகத்தால் பிரித்துப் பார்த்தேன். நடுத்துண்டு ஒவ்வொன்றிலும் மேலேயும் கீழேயும் அந்தச் சீப்பு இருந்தது. வயிற்றோரத் துண்டு ஒன்றில் இடுப்பெலும்பும் கிடைத்தது, நீளமாக, அடிவயிற்றைத் தாங்குகிற எலும்பு. பேத்தைக்கு அந்த எலும்பே கிடையாது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மலை உச்சியில் ஒரு குப்பைக் குழியில் உட்கார்ந்து ஒரு கடல் மீனின் வம்சத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை.

டொக்டருக்குப் போன் செய்தேன். "பேத்தை இல்லை. எலும்பு சாட்சி" என்றேன். அவர் நீண்ட மூச்சு விட்டார். "அப்படியானால் இந்த அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டார்.

தலைவருக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நல்ல மீனுதான்னு மைக்குல சொல்லிறவா? பாவம், சந்திரனையும் விட்டுருவோம்." சாவியை வெளியே எடுத்தும்விட்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தவுடன் நமக்குக் கால் தரையில் நிற்காது. நான் கண்டுபிடித்தது அந்த மீன் எது அல்ல என்பதை. பாக்கியம் ஏன் படுத்திருக்கிறார் என்பதை அல்ல. கிளாத்திக் கூட்டத்திலும் குடலில் நஞ்சு சேரும் சில உண்டு, அதையும் மனதில் வைத்தேன். "இன்னும் பொறுங்க" என்று சொல்லி இரண்டாம் தடவையாகத் தலைவரின் பொல்லாப்பைச் சம்பாதித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பாக்கியத்தின் வீட்டுக்காரர் மணியம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். துணிமணி எடுத்துப்போக வந்திருந்தார். கௌசல்யா உள்ளே ஓடிப்போய் ஒரு சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, அம்மா வெறும் வயித்தோட கெடப்பாங்க. சோறு வச்சிருக்கேன். அந்த மீனெல்லாம் கொட்டிட்டேன், பயப்படாதீங்க. காலையில எடுத்து வச்ச பலயாவ மட்டும் தனியா வேற சட்டியில பொரிச்சிருக்கேன்."

நான் சும்மா, ஒரு ஆர்வத்தில்தான் கேட்டேன். "ஏம்மா, மத்தியானம் அம்மா அந்த வெள்ளை மீன்ல எத்தன துண்டு தின்னாங்க?"

"அதத் தொடவே இல்ல சார். புது மீனு, எனக்கு வேணாம்னாங்க. பலயாவும் கொழம்புந்தான். ஆனா எல்லாம் ஒரே சட்டியில வெந்ததுதானே? விசம் கொழம்புல எறங்கியிருக்கும்."

"சாப்பிடுறப்ப ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கறி காரமா இருக்கு, நாக்குல சுருக்குங்குதுன்னாங்க. நான் மொளகாத்தூள் கம்மியாத்தான் போட்டேன்."

மணியத்திடம் திரும்பினேன். "அண்ணே, ஒடம்பு அரிச்சிச்சா அவங்களுக்கு?"

"அரிச்சிச்சுங்க, கழுத்தெல்லாம். அது அட்டை கடிங்க ஐயா. இந்த மழையில யாருக்குத்தான் அரிக்கல? எண்ணெய் தடவிவிட்டேன்."

"டொக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"அட்டை கடியப் போய் டாக்டர்கிட்ட யாருங்க சொல்லுவா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொழுந்து மலையில் அரிப்பை நோய் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் அம்மாவும் அப்படித்தான், ராத்திரி முழுக்கக் காலைச் சொறிந்துகொண்டே கதை பேசுவார். வெளியிலிருந்து வந்த டொக்டருக்கு அது எப்படித் தெரியும்? கேட்காத கேள்விக்கு நம் சனம் பதில் சொல்வதில்லை.

சந்திரனிடம் ஓடினேன். பலயாவை எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். வழியில் மண் சரிந்து வண்டி வெகுநேரம் நின்றிருக்கிறது. இருந்த ஐஸையெல்லாம் புது மீன்மேல் போட்டிருக்கிறார். "அது புதுசுங்க, கெட்டுப்போனா பேரு போயிரும்னு நெனச்சேன். பலயா வழக்கமா வர்ற மீனுதானேங்க, தாங்கும்."

தாங்காது, பிள்ளைகளே. பலயா மாதிரி சிவந்த சதை மீன் சூட்டில் கிடந்தால் அதற்குள் ஒரு நஞ்சு ஊறும். நாற்றம் வரவேண்டும் என்றில்லை. பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. நாக்கில் மிளகு மாதிரி சுள்ளென்னும், உதடு மரத்த மாதிரி இருக்கும், தலை இடிக்கும், நெஞ்சு அடிக்கும், உடம்பெல்லாம் அரித்துத் தடிக்கும்.

டொக்டரைப் பிடித்தேன். "கழுத்தையும் முதுகையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்" என்றேன். கறுத்த உடம்பில் சிவப்புச் சட்டென்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப எடுத்தார். திட்டுத் திட்டாகத் தடித்திருக்கிறது, ஒவ்வாமை ஊசி போட்டாயிற்று, படபடப்பு இறங்குகிறது, கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அம்புலன்ஸ் போகத் தேவையில்லை என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

தலைவரிடம் போய் மைக்கை நானே வாங்கினேன். "பலயாவை யாரும் அடுப்பில் ஏற்றாதீர்கள், பொரிக்கவும் வேண்டாம். வெள்ளை மீனும் அதே பையில் கிடந்தது, இரண்டையும் வெளியே கொண்டுவந்து வையுங்கள்" என்று சொன்னேன். கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்த பெண்கள் பாதையிலேயே நின்று கேட்டார்கள். முதலில் தலைவர் கேட்டபடி நான் தலையை ஆட்டியிருந்தால், வெள்ளை மீனைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் பலயாவைத்தான் ஆக்கியிருப்பார்கள். அது அவருக்கும் விளங்கிவிட்டது. சந்திரனின் சாவியைப் பிறகு கொடுத்தார், மிச்சப் பலயாவை என் கண் முன்னால் புதைத்த பிறகு. சந்திரன்மேல் நான் எடுக்க வேண்டிய நடவடிக்கையையும் எடுத்தேன். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது கௌசல்யா கேரியரை அப்பா கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், அப்ப நான் அம்மாவுக்கு..." என்றாள். கேரியரைக் குனிந்து பார்த்து, "இது நமக்குத் தெரிஞ்ச மீனு சார்" என்றாள்.

"அனுப்பலையேம்மா. கேரியரு ஒன் கையிலதான் இருக்கு."

அவள் உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மணியம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பிறகு அவள் வெளியே வந்தாள், அதே கேரியரோடு. அப்பாவிடம் போகாமல் நேராக என்னிடம் வந்து மூடியைத் திறந்து நீட்டினாள். சோறும் பருப்பும், ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கும்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க சார்."

பருப்புச் சோற்றில் பார்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? எலும்பும் இல்லை, முள்ளும் இல்லை. ஆனாலும் அவள் நீட்டின கேரியரை இழுத்துக்கொள்ளவில்லை. நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். நிதானமாக மென்று விழுங்கினேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் மூடியை மூடி அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.